கிளினிக்கில் ஏஐ: டாக்டர்களின் கேள்விகளுக்குப் பதில்

கிளினிக்குக்கு எந்த ஏஐ நல்லது? (பொது மருத்துவர், ஈரோடு)

ஒரு நாளைக்கு ஓபி எத்தனை, வரவேற்பில் எத்தனை பேர், எந்த வேலை நேரத்தைத் தின்கிறது? மூன்றையும் எழுதவில்லை. "வயித்து வலி, ஒரு மாத்திரை சொல்லுங்க" என்று போனில் கேட்பவருக்கு நீங்கள் என்ன சொல்வீர்களோ, அதுதான் என் பதிலும். ஒரு வாரம் கவனித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

நோயாளியிடம் பேசுவதைக் கேட்டு கேஸ் ஷீட் எழுதும் ஏஐ ஸ்க்ரைப் வாங்கினேன். பிரமாதமாக எழுதுகிறது. இனி படிக்காமலே கையெழுத்துப் போடலாமா? (நீரிழிவு மருத்துவர், திருச்சி)

கூடாது. இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை, எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மோசமாக எழுதினால் நீங்களே திருத்திவிடுவீர்கள். பிரமாதமாக எழுதும்போதுதான் கண் வழுக்கிக்கொண்டு போகும். தமிழில் "இல்ல" வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. நோயாளி அதை முணுமுணுப்பார், மேலே ஃபேன் ஓடும். "பென்சிலின் ஒத்துக்காம போனதில்ல" என்றது பென்சிலின் அலர்ஜியாகப் பதிவாகும். "தாத்தாவுக்கு அட்டாக் வந்துச்சு" என்று கூட வந்த மகன் தன் தாத்தாவைப் பற்றிச் சொன்னது, நோயாளியின் தலையில் விழும். "கால் மாத்திரை"யில் கால் விட்டுப்போய் முழு மாத்திரையாகும். எல்லாவற்றையும் விட மோசம், நீங்கள் ஸ்டெதாஸ்கோப்பே வைக்காத நெஞ்சுக்கு "இரு பக்கமும் மூச்சொலி சீர்" என்று அதுவே எழுதி வைக்கும். வழக்கமான கேஸ் ஷீட்டில் அந்த வரி இருக்கும் என்பது அதன் கணக்கு.

மைக்கை மானிட்டர் பக்கம் வைக்காமல் நோயாளிக்கு ஓரடி தூரத்தில் வையுங்கள். மருந்து, அளவு, வேளை மூன்றையும் நீங்களே ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் நான்கு இடங்களைப் படித்தே ஆகவேண்டும்: அலர்ஜி, இப்போது சாப்பிடும் மருந்துகள், "இல்லை" என்று பதிவானவை, பரிசோதனைக் குறிப்பு. பழகிவிட்டால் அரை நிமிடம்கூட ஆகாது. முதல் 20, 30 நோயாளிகளுக்குக் கையாலும் எழுதி ஒப்பிட்டால், உங்கள் ஸ்க்ரைப் எங்கே சறுக்குகிறது என்று தெரிந்துவிடும். பதிவு செய்வதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லுங்கள். நுகர்வோர் நீதிமன்றத்தில் முதலில் கேள்வி கேட்கப்படுவது கையெழுத்துப் போட்டவரைத்தான்.

குழந்தைகளுக்கு டோஸ் கணக்குப் போட ஏஐ போதுமா? (குழந்தை நல மருத்துவர், நாகர்கோவில்)

மில்லிகிராம் கணக்கைப் பெரும்பாலும் சரியாகவே போடும். உங்கள் ஊர்க் கடையில் இருக்கும் பாட்டில் எது என்று அதற்குத் தெரியாது. 10 கிலோ குழந்தைக்கு பாராசிட்டமால் கிலோவுக்கு 15 வீதம் 150 மி.கி. 5 மி.லி.யில் 125 உள்ள சிரப் என்றால் 6 மி.லி., 250 என்றால் 3 மி.லி., மி.லி.க்கு 100 உள்ள டிராப்ஸ் என்றால் ஒன்றரை. மூன்றும் ஒரே கடையில் கிடைக்கும். சீட்டில் மி.கி., மி.லி., பாட்டிலின் வீரியம் மூன்றும் இருக்கட்டும்.

இரவில் வாட்ஸ்அப்பில் நோயாளிகளுக்கு பாட் (தானாகப் பதில் தரும் மென்பொருள்) பதில் சொல்லட்டுமா? (இருதய மருத்துவர், மதுரை)

டோக்கன், கிளினிக் நேரம், ரத்தப் பரிசோதனைக்கு எத்தனை மணி நேரம் வெறும் வயிறு: இவ்வளவுதான். ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ ஏஐ-க்கு அனுமதி இல்லை என்று 2020 டெலிமெடிசின் (போன், வீடியோ வழி மருத்துவம்) வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது. "நெஞ்சு அடைக்குது", "மூச்சு வாங்குது", "ஒரு பக்கம் கை வரல" என்று எப்படி வந்தாலும், ஆங்கில எழுத்தில் தமிழாக வந்தாலும், பாட் பேச்சை நிறுத்திவிட்டு 108-ஐக் காட்டவேண்டும். இருபது விதமாக நீங்களே அனுப்பிப் பார்த்துவிட்டுத் திறந்துவிடுங்கள்.

லேப் ரிப்போர்ட்டை இலவச சாட் செயலியில் போட்டுச் சுருக்கம் கேட்கிறேன். பெயரை வெட்டிவிட்டேன், போதும்தானே? (கோவை)

முதல் பக்கத்தில் வெட்டியிருப்பீர்கள். இரண்டாம் பக்கத் தலைப்பில் அதே பெயர், ஓரத்தில் க்யூஆர் கோடு, பிடிஎஃப்பின் பெயரிலேயே நோயாளியின் போன் நம்பர். 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாப்பில் கோட்டை விட்டதற்கான அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். எண்களை மட்டும் தட்டச்சு செய்து கேளுங்கள். வரும் சுருக்கத்தையும் படிக்காமல் ஒட்டாதீர்கள்.

எக்ஸ்ரே பார்த்து டிபி (காசநோய்) சொல்லும் மென்பொருளை நம்பலாமா? (வேலூர்)

சல்லடையாக மட்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்தது 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான். சந்தேகம் என்று வந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். வியூ பாக்ஸில் மாட்டிய ஃபிலிமைப் போனில் படமெடுத்து ஏற்றிவிட்டு, "தப்பாகச் சொல்கிறது" என்று எனக்கு எழுதாதீர்கள்.

நெட் போய்விட்டால்? (தென்காசி)

பேப்பர், பேனா.

கூகுள் ரிவ்யூக்களை ஏஐ-யை வைத்து எழுதலாமா? (தோல் மருத்துவர், சென்னை)

கூடாது. உண்மையாக வந்த ரிவ்யூவுக்குப் பதில் எழுத வைத்தாலும் கவனம் தேவை. "உங்கள் மூலநோய் குணமானதில் மகிழ்ச்சி" என்று நோயாளி பெயரோடு ஊருக்கே அறிவித்துவிடும். படித்துவிட்டு அனுப்புங்கள்.