ட்ரெய்லர் கூரையில் சூரிய மின்தகடு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என்னிடம் மூன்று சரக்கு லாரிகள் இருக்கின்றன. ட்ரெய்லர் கூரை முழுவதும் சூரிய மின்தகடு பதித்தால் டீசல் செலவு பாதியாகக் குறையும் என்று ஒரு விற்பனையாளர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம். 13.6 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் கொண்ட ட்ரெய்லரின் கூரை ஏறத்தாழ 34 சதுர மீட்டர். ஓரங்களை விட்டுவிட்டால் 30 சதுர மீட்டரில் தகடு பதிக்கலாம். உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு 200 வாட் என்று கொண்டால் 6 கிலோவாட் ஆகிறது. தகடு படுக்கையாகக் கிடப்பதாலும் சூடேறுவதாலும் உண்டாகும் இழப்புகள் போக, நல்ல வெயில் நாளில் 25 யூனிட் கிடைத்தால் அதுவே நல்ல விளைச்சல். சுமை ஏற்றிய பெரிய மின்சார லாரி ஒரு கிலோமீட்டர் ஓட ஒன்றேகால் யூனிட் வரை செலவழிப்பதால், ஒரு நாள் முழுவதும் சேர்த்த வெயில் அந்த வண்டியையே 20 கிலோமீட்டர்தான் நகர்த்தும். உங்கள் வண்டிகள் டீசலில் ஓடுபவை என்றால், கூரையில் பிறக்கும் மின்சாரம் சக்கரத்துக்குப் போய்ச் சேர அவற்றில் வழியே கிடையாது.

சுவீடனில் லாரி தயாரிக்கும் ஸ்கானியா நிறுவனம் உப்சாலா பல்கலைக்கழகத்தோடும் வேறு சில நிறுவனங்களோடும் சேர்ந்து 2023இல் ஒரு சோதனை வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டத் தொடங்கியது. அதன் 18 மீட்டர் ட்ரெய்லரில், கூரையோடு பக்கச் சுவர்களிலும் தகடு பதித்து, 100 சதுர மீட்டரில் 13.2 கிலோவாட் திறனை எட்டினார்கள். அந்த நாட்டு வெயிலில் ஆண்டுக்கு 8,000 யூனிட் கிடைக்கும் என்றும், அதைக் கொண்டு 5,000 கிலோமீட்டர் வரை கூடுதலாக ஓடலாம் என்றும் மதிப்பிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு அது இருபதில் ஒரு பங்கு. மதிக்க வேண்டிய முயற்சிதான். ஆனால் இதற்கென்றே வடிவமைத்த, எரிபொருளிலும் மின்சாரத்திலும் ஓடும் கலப்பின (ஹைப்ரிட்) வண்டிக்கே கிடைக்கும் பலன் இவ்வளவு என்றால், பாதி டீசல் என்ற பேச்சுக்கு இடமில்லை.

கேள்வி: எங்களுடையது குளிர்பதன ட்ரெய்லர். அதற்காவது பயன்படுமா?

பதில்: இந்தத் தொழில்நுட்பம் உண்மையாகவே பொருந்தும் இடம் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. குளிர்பதனப் பெட்டியின் முகப்பில் இருக்கும் சிறிய டீசல் இன்ஜின், லாரி நின்றாலும் ஓடினாலும் மணிக்கு இரண்டு முதல் நான்கு லிட்டர் வரை குடித்துக்கொண்டே இருக்கிறது. சிறிய இன்ஜின் என்பதால் ஒரு லிட்டர் டீசலிலிருந்து அது எடுக்கும் பயனுள்ள ஆற்றல் இரண்டரை யூனிட்டைத் தாண்டுவது அரிது. ஆகவே கூரை தரும் 25 யூனிட், இங்கே நாளொன்றுக்கு 10 லிட்டர் டீசலுக்குச் சமமாகிறது. இன்னொரு வசதியும் உண்டு: பெட்டி அதிகமாகச் சூடேறும் நண்பகலில்தான் தகடுகளும் அதிகமாக மின்சாரம் தருகின்றன, தேவையும் வரவும் ஒரே நேரத்தில் வருகின்றன.

இதற்கு மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உங்கள் குளிர்பதன இயந்திரம் மின்சாரத்திலும் இயங்கக் கூடியதாக இருக்க வேண்டும். டீசலில் மட்டும் இயங்குவதாக இருந்தால் தகடு பதித்துப் பயனில்லை. மேகம் மறைக்கும் நேரத்தைச் சமாளிக்க இடையில் ஒரு பேட்டரித் தொகுப்பும் வேண்டும். பலரும் மறந்துவிடுவது மூன்றாவது விஷயத்தைத்தான். குளிர்பதனப் பெட்டியின் கூரை வெயிலைத் திருப்பி அனுப்புவதற்காகவே வெள்ளையாக இருக்கிறது. அதன்மேல் கருநிறத் தகட்டை இடைவெளியின்றி ஒட்டினால், அந்தச் சூடு அப்படியே கூரைக்குள் இறங்கும். தகடும் 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறனை இழக்கும். காற்று ஓடுவதற்குச் சிறிதளவாவது இடைவெளி விட்டுப் பொருத்தினால், அதே தகடு கூரைக்கு நிழலாகிவிடும். ஆனால் அப்படி உயர்த்தும்போது வண்டியின் மொத்த உயரம் சட்ட வரம்பைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: சரக்கு இறக்கும் பின்புறத் தூக்கி அடிக்கடி பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஒரே ஆண்டில் இரண்டு முறை பேட்டரி மாற்றிவிட்டோம். சிறிய தகடு போட்டால் தீருமா?

பதில்: பெரும்பாலும் தீரும். இதே குறையுள்ள ஒரு ட்ரெய்லரை நான் மீட்டர் வைத்துச் சோதித்தபோது, முன்னால் இருக்கும் லாரியின் பேட்டரியில் 14.2 வோல்ட் இருந்தது. நீண்ட கேபிளைக் கடந்து ட்ரெய்லரின் கடைசியில் இருந்த பேட்டரிக்கு வரும்போது அது 13.1 ஆகிவிட்டிருந்தது. 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி முழுமையாக நிறைய 14 வோல்ட்டுக்கு மேல் தேவை. நிறையாமலே கிடக்கும் பேட்டரியின் தட்டுகளில் ஈய சல்ஃபேட் படிந்து இறுகி, அதன் ஆயுளைக் குறைத்துவிடும். உங்கள் பேட்டரிகளும் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

12 வோல்ட் தூக்கி ஒரு முறை ஏற அரை நிமிடம், சுமார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று கொண்டால், 20 முறைக்கு 25 ஆம்பியர்-மணி செலவாகும். நல்ல வெயிலில் 100 வாட் தகடு ஐந்து மணி நேரத்தில் அதைத் திருப்பிக் கொடுத்துவிடும். மழைக்காலத்தையும் எண்ணி 200 வாட்டாகவே போடுங்கள். இடையில், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் தரமான சார்ஜ் கன்ட்ரோலர் கட்டாயம் இருக்க வேண்டும். தகட்டை நேரடியாகப் பேட்டரியில் இணைக்கச் சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கண்ணாடித் தகடா, வளையும் தகடா?

பதில்: வளையும் தகடு. கண்ணாடித் தகட்டின் எடை சதுர மீட்டருக்கு 11 கிலோவுக்குக் குறையாது என்பதால், 30 சதுர மீட்டருக்கு 330 கிலோ சரக்கை நீங்கள் இழக்க நேரிடும். வளையும் வகையில் அந்தச் சுமை 90 கிலோ அளவில் முடிந்துவிடும், சாலை அதிர்வையும் அது தாங்கும். குளிர்பதனப் பெட்டி அல்லாத கூரையில் நேரடியாக ஒட்டுவதானால், முதலில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, நன்றாக உலரவிட்டு ஒட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பசை ஒட்டாமல் இருந்தாலும், வண்டி வேகமெடுக்கும்போது காற்று அந்த இடத்தில் புகுந்து தகட்டை உரித்துவிடும்.