முன்னாடி இடது பக்கம் அடிபட்ட கார்ல கியர்பாக்ஸ், ஆக்சில் கோளாறு மறைஞ்சிருக்கான்னு எப்படி பாக்க?

டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் முடிஞ்ச காரு, வெலையும் கம்மியா சொல்லுதாங்க, எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. இதே மாதிரி ஒண்ண எடுத்து 38,000 ரூவா தண்டம் கட்டின ஆளாக்கும் நான்.

பாறசாலைக்கு அந்தப்பக்கம் ஒருத்தருகிட்ட எடுத்த டீசல் வண்டி. பம்பர், ஹெட்லைட், சக்கரத்த கீழ தாங்குற லோயர் ஆர்ம் எல்லாம் புதுசு, பெயிண்ட்ல மூஞ்சி பாத்து தலை சீவலாம். களியக்காவிளை வரைக்கும் ஓட்டிப் பாத்தேன், நல்லாத்தான் போச்சு. ரெண்டு மாசம் கழிச்சு மார்த்தாண்டம் மேம்பாலம் ஏறும்போது செகண்ட்ல மிதிச்சா கீழ இருந்து டொக்குன்னு ஒரு சத்தம், பெறவு எந்த கியர்ல போனாலும் ஸ்பீடு ஏற ஏற ஒரு ஊளை. தக்கலைல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன் லிஃப்ட்ல தூக்கிப் பாத்துட்டு "மூஞ்சிய மட்டும் மாத்தி குடுத்திருக்கான் தம்பி, வயித்துல பட்ட அடி அப்படியே கெடக்கு"ன்னாரு.

விஷயம் என்னன்னா, நம்ம சின்ன கார் முக்காவாசி முன்சக்கரம் இழுக்குற வண்டி, எஞ்சினும் கியர்பாக்ஸும் குறுக்க கெடக்கும், அதுல இருந்து ரெண்டு பக்கமும் ஆக்சில் வெளிய வரும். சக்கரத்துல பலமா இடிச்சா ஆக்சில் உள்ள தள்ளி அந்த அடி நேரா கியர்பாக்ஸுக்குள்ள, ரெண்டு சக்கரத்துக்கும் இழுவைய பிரிச்சுக் குடுக்குற டிஃபரன்ஷியலோட பேரிங்ல போய் எறங்கும், ஆயில் சீலும் போகும். என் வண்டில சீல்ல இருந்து ஆயில் சொட்டு சொட்டா போயிருக்கு. நெறைய மேனுவல் கியர்பாக்ஸ்ல ஆயில் அளவு பாக்குற கம்பியே (டிப்ஸ்டிக்) கெடையாது, பக்கவாட்டுல உள்ள பிளக்க கழட்டுனாத்தான் அளவு தெரியும், அதை யாரு பாக்கா? கூடவே எஞ்சின தாங்கிப் புடிக்கிற மவுண்டிங் பிராக்கெட்ல முடி மாதிரி ஒரு வெடிப்பு, டொக்குன்னது அதுதான்.

அதனால மொதல்ல லிஃப்ட்ல ஏத்துங்க. ஓனர் ஒத்துக்கலன்னா அந்த இடத்துலேயே டீயக் குடிச்சிட்டு கெளம்பி வந்துருங்க. ஆக்சில் ஜாயிண்ட மூடியிருக்குற ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சு கிரீஸ் தெறிச்சிருக்கா, ஆக்சில் கியர்பாக்ஸுக்குள்ள போற இடத்துல ஈரம் இருக்கா, எஞ்சினுக்கு அடியில குறுக்க போற சட்டம் (கிராஸ் மெம்பர்) போல்ட்ல ஸ்பேனர் போட்ட தடம் இருக்கான்னு பாருங்க. அடியில மட்டும் புதுசா கருப்பு பெயிண்ட் அடிச்சிருந்தா கொளச்சல், முட்டம் பக்கத்து வண்டின்னா உப்புக்காத்து துருவுக்கு அடிச்சதா இருக்கலாம், ஒரு பக்கம் மட்டும்னா சந்தேகந்தான். ஸ்டீயரிங்க நேரா வச்சுட்டு முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் புடிங்க, ஒரு விரல் அகலம் வித்தியாசம் வந்தா எனக்கு அந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது ஓட்டிப் பாக்குறது. கிரவுண்ட்ல ஸ்டீயரிங்க ஃபுல்லா ஒடிச்சு, மெதுவா மிதிச்சு வட்டம் போடுங்க, டக் டக்னு வந்தா ஆக்சிலோட வெளி ஜாயிண்ட், அதாவது சக்கரத்துப் பக்கம் உள்ளது போயிருக்கு. நேரா போகயில மிதிக்கும்போது மட்டும் வண்டி உதறுனா கியர்பாக்ஸ் பக்கம் உள்ள உள் ஜாயிண்ட். மவுண்டிங் பாக்க பானட்ட தொறந்து வச்சு, பிரேக்க நல்லா அமுக்கிப் புடிச்சு, ஃபர்ஸ்ட்லயும் ரிவர்ஸ்லயும் கிளட்ச்ச கொஞ்சமா விட்டா எஞ்சின் எவ்வளவு எகிறுதுன்னு தெரியும். பாக்குற ஆளு சைடுல நிக்கணும், முன்னாடி நிக்கப்படாது, சொல்லிட்டேன்.

பெறவு நாகர்கோவில்ல இருந்து காவல்கிணறு வரைக்கும் போயிட்டு வாங்க, எஞ்சின் நல்லா சூடாகணும், நான் ஓட்டுன மாதிரி கொஞ்ச தூரம் ஓட்டுனா ஒண்ணும் தெரியாது. ஆனி ஆடி மாசம்னா ஆரல்வாய்மொழி, முப்பந்தல்ல வண்டி ஒரு பக்கம் இழுக்கும், விக்கவரு "காத்து தள்ளுது"ம்பாரு. இருக்கலாம், அங்க காத்தாலையே அதுக்குத்தானே நிக்கி. ஆனா காத்துன்னா திரும்பி வரும்போது மத்தப் பக்கம் தள்ளணும். போகயிலயும் வரயிலயும் ஒரே பக்கம் இழுத்தா அது காத்து இல்ல. ரோட்டுச் சரிவுக்கு லேசா இடது போறது சகஜம், அதை மட்டும் கழிச்சுக்கிடுங்க.

திரும்பி வந்ததும் மறுபடி அடியில பாருங்க. காலைல வாட்டர் சர்வீஸ் பண்ணி பளபளன்னு வச்சிருந்த கியர்பாக்ஸ்ல, கசிவு இருந்தா இப்ப ஈரம் தெரியும்.

ஆட்டோமேட்டிக்கான்னு நீங்க சொல்லல. ஏஎம்டின்னா (கிளட்ச் மிதி இல்லாம தானா கியர் மாத்துறது) அந்த கிளட்ச் விட்டுப் பாக்குறத தவிர மேல சொன்னதே போதும், அதுவும் உள்ள மேனுவல் பெட்டிதான். கிளட்சுக்கு பதிலா ஆயில்ல ஓடுற டார்க் கன்வர்ட்டர் வச்ச ஆட்டோமேட்டிக்ல சிலதுல கியர் ஆயில் கூலர் ரேடியேட்டருக்குள்ளயே இருக்கும், இடில அது ஒடைஞ்சா தண்ணியும் ஆயிலும் கலந்துரும். எஞ்சின் ஆறின பெறவு ரேடியேட்டர் மூடியத் தொறங்க, ரோஸ்மில்க் மாதிரி இருந்தா பேரமே பேசாதீங்க.