அச்சான அணுக்கரு இயற்பியல் கட்டுரையில் கணக்குப் பிழை இருப்பதாகத் தோன்றுகிறது. எப்படி உறுதிசெய்வது, யாரிடம் சொல்வது?

முதலில் அவர்களுடைய எண்ணை உங்கள் எண்ணால் வகுத்துப் பாருங்கள். இந்தத் துறையின் பிழைகள் பலவற்றுக்கு அடையாளமே அந்த விகிதம்தான். 1.44 அல்லது 0.69 வந்தால் அரை ஆயுளும் சராசரி ஆயுளும் இடம் மாறியிருக்கும். 12.57 வந்தால் ‘நான்கு பை’ (4π) விட்டுப்போயிருக்கும். பாசிட்ரான் சிதைவின் ஆற்றலில் சரியாக 1.022 மெகா எலக்ட்ரான் வோல்ட் இடித்தால், அணு நிறை அட்டவணையைப் பயன்படுத்திவிட்டு இரண்டு எலக்ட்ரான் நிறையைக் கழிக்க மறந்திருப்பார்கள்.

அதிகம் குழப்புவது பி(இ2) மதிப்பு, அதாவது மின் நான்முனை வகைக் காமா மாற்றத்தின் வலிமை. ஸ்பின் 2 உள்ள கிளர்நிலை, ஸ்பின் 0 உள்ள அடிநிலைக்கு 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் காமாவை உமிழ்ந்து இறங்குகிறது, அரை ஆயுள் 1 பைக்கோ வினாடி என்று வையுங்கள். உள்மாற்றத்தை (காமாவுக்குப் பதில் அணுவின் எலக்ட்ரான் ஆற்றலைப் பெற்று வெளியேறுவதை) விட்டுவிட்டால், ஆற்றலை மெகா எலக்ட்ரான் வோல்ட்டிலும் ஆயுளைப் பைக்கோ வினாடியிலும் எடுத்து, 818-ஐ ஆற்றலின் ஐந்தாம் படியாலும் சராசரி ஆயுளாலும் வகுக்க வேண்டும். சராசரி ஆயுள் 1.443. விடை, வழக்கமான ஃபெம்டோமீட்டர் நான்காம் படி அலகில், சுமார் 567. அரை ஆயுளையே போட்டால் 818 வந்துவிடும். இதே மதிப்பை ஏறுமுகமாக, அதாவது அடிநிலையிலிருந்து கிளர்நிலைக்குச் சொன்னால் ஐந்து மடங்கு, சுமார் 2,830. அதனால் விகிதம் 5 வந்தால் பிழை என்று பாயாதீர்கள். கணக்கு சரியாக இருந்து, எந்தத் திசை என்று எழுதாமல் விட்டிருக்கலாம். காமா கலப்பு விகிதத்தின் (ஒரே காமாவில் கலக்கும் இரு வகை மாற்றங்களின் வீச்சு விகிதம்) குறி தலைகீழாக இருந்தாலும் இப்படித்தான். அதற்கு இரண்டு குறி மரபுகள் புழக்கத்தில் உள்ளன.

விகிதம் 1.05 மாதிரி பிடிகொடுக்காமல் இருந்தால் ஆற்றலைப் பாருங்கள். ஐந்தாம் படி என்பதால் 1 சதவீத வித்தியாசமே 5 சதவீதமாகிவிடும். வினைக் குறுக்குவெட்டு (அணுக்கரு வினை நிகழும் வாய்ப்பின் அளவு) என்றால் ஆற்றல் ஆய்வுக்கூடச் சட்டகத்திலா, நிறைமையச் சட்டகத்திலா என்று கேளுங்கள்: கார்பன்-12 மேல் மோதும் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆல்ஃபாவுக்கு நிறைமையத்தில் 1.5 மட்டுமே.

ஒரு வரிசையோடு நிற்காமல் அட்டவணை முழுவதையும் கணக்கிடுங்கள். எல்லா வரிசையிலும் ஒரே விகிதம் வந்தால் சூத்திரத்தில் தவறு. ஒன்றில் மட்டும் என்றால் பெரும்பாலும் அச்சுப்பிழை. வரைபடத்தில் அந்தப் புள்ளி சரியான இடத்தில் இருக்கிறதா பாருங்கள்.

பிறகு தொடர்பு ஆசிரியருக்கு எழுதுங்கள். ஒரே ஒரு வரிசையை முழுதாகப் போட்டு, சமன்பாட்டு எண், நீங்கள் எடுத்த மாறிலிகள், எந்த ஆண்டு நிறை அட்டவணை என்பதைச் சேருங்கள். “பிழை” என்ற சொல்லை விட “எனக்கு இப்படி வருகிறது” என்பதற்குப் பதில் சீக்கிரம் வரும். ஒப்புக்கொண்டால் பிழைதிருத்தத்தை அவர்களே ஆய்விதழுக்கு அனுப்ப வேண்டும். பழைய எண், புதிய எண், மாறும் முடிவு மூன்றும் அதில் வேண்டும். சில வாரங்கள் பதிலே இல்லையென்றால் இதழுக்கு நீங்கள் ஒரு விமர்சனக் குறிப்பு அனுப்பலாம். அதற்கு மறுமொழி தர ஆசிரியர்களுக்கும் பொதுவாக வாய்ப்பு தரப்படும்.

பலரும் விட்டுவிடும் வேலை ஒன்று உண்டு. குறுக்குவெட்டு என்றால் எக்ஸ்ஃபோர் தரவுத்தளத்துக்கும், ஆற்றல்நிலை, ஆயுள் என்றால் இ.என்.எஸ்.டி.எஃப். தரவுத்தளத்துக்கும் தெரிவியுங்கள். அங்கிருந்து எண்ணை எடுப்பவர்களில் பலர் மூலக் கட்டுரையைத் திறப்பதே இல்லை. எக்ஸ்ஃபோருக்கு எழுதும்போது பதிவு எண்ணையும் குறிப்பிடுங்கள்.