ஏற்காட்டில் குடும்பத்தோடு தங்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். பிள்ளைகள் பிறந்ததிலிருந்து வருஷம் ஒரு தடவையாவது ஏற்காட்டில் தங்கிவிட்டு வருவோம். மரவீடு, ரயில்பெட்டி மாதிரி அறை, கிராமத்துக் குடில், பழைய எஸ்டேட் பங்களா எல்லாவற்றிலும் தங்கிப் பார்த்தாயிற்று. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, நாங்கள் சூரமங்கலம். முப்பது கிலோமீட்டரில் இருக்கிற ஊருக்குப் போய், காசு கொடுத்துத் தங்கணுமா? காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாமே?

அப்படிப் போனால் படகுத்துறை வரிசையும் பார்க்கிங்கும்தான் ஞாபகம் இருக்கும். ஏற்காடு அழகாக இருப்பது மற்றவர்கள் இறங்கிப் போன பிறகுதான். இருட்டினதும் லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் நின்று கீழே பாருங்கள், நம்ம சேலம் முழுக்க விளக்காகக் கிடக்கும். என் சின்னவள் அங்கே நின்று நம்ம தெரு எது என்று அரைமணி நேரம் தேடினாள். அப்புறம் விடிகாலை. ஊர் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். சேலம் 300 மீட்டருக்கும் கீழே. அதனால் சாதாரணமாகவே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால் வாசலில் பனிமூட்டம் நிற்கும். முடிந்தால் இரண்டு ராத்திரி தங்குங்கள். ஒரே ராத்திரி என்றால் பெட்டியைப் பிரிப்பதும் கட்டுவதுமாகவே போய்விடும்.

மூன்று வயதுக் குழந்தையும், முட்டிவலி இருக்கிற மாமியாரும் வருகிறார்கள். மரவீடு எடுக்கலாமா?

வேண்டாங்க. ஒரு தடவை நாங்களும் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு எடுத்தோம். செங்குத்தான மரப்படி, ஒரு பக்கம்தான் கைப்பிடி. என் அம்மா ஒருமுறை ஏறினவர், சாப்பிடக்கூட இறங்கவில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது. பிள்ளைகள் ஆசைப்பட்டால் பக்கத்துக் குடிலைப் பெரியவர்களுக்கு எடுத்துவிட்டு, மரவீட்டில் நீங்கள் படுங்கள். மலைச்சரிவில் கட்டியிருப்பதால் தரைத்தள அறைக்குக்கூடப் படி இறங்கித்தான் போகவேண்டியிருக்கும். கார் நிற்கிற இடத்திலிருந்து அறைவரைக்கும் எத்தனை படி என்று போனிலேயே கேளுங்கள். வெந்நீர் எத்தனை மணிவரைக்கும் வரும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் அறைக்கும் உண்டா, ராத்திரி குழந்தைக்குப் பால் காய்ச்சித் தருவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். இதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிற இடம் பெரும்பாலும் நல்ல இடமாகத்தான் இருந்திருக்கிறது.

மரவீடு, ரயில்பெட்டி அறை மாதிரி வைத்திருக்கிற தீம் ரிசார்ட்டில் பிள்ளைகளுக்கு நாள் முழுக்கப் பொழுது போகுமா?

விளையாட்டுச் சாமான் இரண்டு மணி நேரத்துக்குத்தான் தாங்கும். நான் பார்ப்பது, கேட்டைத் தாண்டினால் காபித் தோட்டத்துக்குள் நடக்க விடுவார்களா என்றுதான். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இங்கே காபி கொண்டுவந்தார். இன்றைக்கும் மலையின் உயிரே அதுதான். கார்த்திகை, மார்கழியில் போனால் பழம் சிவந்திருக்கும். தோட்டக்காரரைக் கேட்டு ஒன்று பறித்துப் பிள்ளை கையில் கொடுங்கள். பிதுக்கினால் வழுவழு என்று இரண்டு கொட்டை வரும், தட்டைப் பக்கம் ஒன்றோடு ஒன்று ஒட்டினாற்போல. வாயில் போட்டால் இனிக்கும். "காபி கசக்குமே, இது ஏம்மா இனிக்குது?" என்றான் என் பையன். கோடைமழைக்கு அப்புறம் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும், மல்லி மாதிரி வாசம். நாலைந்து நாளில் உதிர்ந்துவிடும். நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதையும் காட்டுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் பையன் வாந்தி எடுத்துவிடுகிறான். என்ன செய்வது?

அடிவாரத்திலிருந்து 20 வளைவு. கிளம்ப ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும்; வெறும் வயிறும் ஆகாது. ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்குங்கள், கையில் செல்போன் கொடுக்காதீர்கள், தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதியில் அகலமான இடம் பார்த்து ஒரு தடவை நிறுத்துங்கள். இறங்கும்போது ஏறின கியரிலேயே வாருங்கள். எதிரே ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். குப்பனூர் வழியாக மலை ஏறுகிற இன்னொரு ரோட்டில் வளைவு குறைவு, அதையும் பார்க்கலாம்.

மே மாதம் போகலாமா?

கோடை விழா சமயம் என்றால் மலர்க் கண்காட்சி பார்க்கலாம், ஆனால் கூட்டமும் வாடகையும் எகிறும். பள்ளி லீவை விட்டால் வழியில்லை என்றால் திங்கள் முதல் வியாழனுக்குள் போங்கள்.

நீச்சல்குளம் இருக்கிற இடமாகப் பார்க்கணுமா?

மார்கழியில் தண்ணீர் தொட முடியாது. அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

குரங்குத் தொல்லை உண்டா?

உண்டு. ஜன்னலைச் சாத்தாமல் வெளியே போகாதீர்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிள்ளை கையில் கொடுத்து நடக்க விடவும் வேண்டாம். பாவம் என்று தின்பண்டம் போட்டுப் பழக்காதீர்கள். அடுத்து வருகிற குழந்தையின் கையில் இருப்பதைத்தான் பிடுங்கும்.

சரிக்கா, தங்கினால் எந்தெந்த இடம் பார்க்கணும்?

ஒரு நாளுக்கு ஒன்று. முதல் நாள் சாயங்காலம் லேடீஸ் சீட். மறுநாள் காலையில் வெயிலுக்கு முன்னால் சேர்வராயன் கோயில். குகைக்குள் குனிந்து போகணும், வெளியே வந்தால் மேலே பரந்த புல்வெளி. கிளியூர் அருவிக்குப் படி அதிகம், பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள். மத்தியானம் அறைக்குத் திரும்பி எல்லோரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி நாலு மணிக்கு மேல்தான் சூடாகக் கிடைக்கும்.