திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் எவ்வளவு தூரம்? 200 கிலோமீட்டர்கூட இல்லையே, ஏன் ஒரு மணி நேரம் என்கிறார்கள்?

நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து மதுரையைத் தாண்டி விருதுநகர் போகும் தூரம்தான். டிக்கெட்டில் சுமார் ஒரு மணி நேரம் என்றிருக்கும்.

அந்த ஒரு மணி நேரமும் பறப்பதில்லை. திருச்சியில் நின்ற இடத்தைவிட்டு விமானம் நகரத் தொடங்குவதிலிருந்து, யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலியில் போய் நிற்பது வரை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. ஓடுதளத்துக்கு உருண்டு போவது, அனுமதிக்குக் காத்திருப்பது, ஏறுவது, இறங்குவதற்காகச் சுற்றி ஓடுதளத்துக்கு நேராக வருவது, தாமதத்துக்கென விடும் சில நிமிடங்கள் எல்லாமே அதில் அடக்கம். இந்தத் தடத்தில் பறப்பது ஏடிஆர் 72, இறக்கையில் காற்றாடி சுழலும் சிறு விமானம். முழு வேகத்தில் மணிக்கு 500 கிலோமீட்டர் போகும். அந்த வேகத்திலேயே முழுத் தூரமும் போனால் 22 நிமிடம் போதும். ஆனால் இவ்வளவு குறுகிய தடத்தில் ஏறி முடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பித்துவிடுவார்கள்.

சென்னையோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகும். சென்னையிலிருந்து பலாலி சுமார் 355 கிலோமீட்டர், கிட்டத்தட்ட இரு மடங்கு. அதே ஏடிஆரில் ஒன்றேகால் மணி நேரம்தான் போடுகிறார்கள். கூடுதல் 170 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு 20 நிமிடம் போதும். தூரம் எவ்வளவு குறைந்தாலும் தரையிலும் ஏற்ற இறக்கத்திலும் போகும் நேரம் அப்படியேதான் இருக்கும். அதனால் குறுகிய பயணங்களில் கிலோமீட்டரை வைத்து நேரத்தைக் கணக்கிட முடியாது.

வரைபடத்தில் கோடு போட்டால் பட்டுக்கோட்டை, பேராவூரணிக்கு இடையே போய், மல்லிப்பட்டினம் பக்கம் கடலைத் தொடும். பாதி தரை, பாதி பாக்கு நீரிணை. ஏடிஆருக்கு இறக்கை மேலே இருப்பதால் எந்த ஜன்னலிலிருந்தும் கீழே நன்றாகத் தெரியும். வானம் தெளிவாக இருந்தால் ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடல் எவ்வளவு குறுகியது என்று ஒரு தடவையாவது கண்ணால் பார்க்க வேண்டும். இரு கரையிலும் உறவுள்ள எங்களைப் போன்ற குடும்பங்கள் எத்தனையோ ஆண்டுகள் கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 400 கிலோமீட்டர் பஸ்ஸிலோ ரயிலிலோ போக வேண்டியிருந்தது. பலாலி 2019 அக்டோபரில்தான் சர்வதேச நிலையமாகத் திறந்தது. திருச்சி சேவையை இண்டிகோ 2025 மார்ச் 30 அன்று தொடங்கியது. இது தொடர்ந்து ஓட வேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்தின் துறைமுகமான காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நின்றுவிடும், அதை நம்பிக் கல்யாணத்துக்குக் கிளம்பாதீர்கள்.

இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தை மாற்ற வேண்டாம். ஆனால் இது வெளிநாட்டுப் பயணம்: பாஸ்போர்ட், விசா, குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் உண்டு. மூன்று மணி நேரம் முன்பே திருச்சி நிலையத்தில் இருங்கள். பலாலியிலிருந்து யாழ் நகரம் இன்னும் 16 கிலோமீட்டர் இருக்கிறது. ஆக, வீட்டுக்கு வீடு ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். வயதானவர்களோடு போனால், இறங்கும் நேரத்துக்கே வண்டிக்குச் சொல்லி வைத்துவிடுங்கள்.