தைராய்டு மாத்திரை போடுபவர்கள் மீல் மேக்கர் சாப்பிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 38. இரண்டு வருடமாகத் தைராய்டு சுரப்புக் குறைவுக்கு மாத்திரை போடுகிறேன். நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. அதனால் வாரம் மூன்று நாள் மீல் மேக்கர் (சோயா உருண்டை) சமைக்கிறேன். தைராய்டுக்கு சோயா ஆகவே ஆகாது என்கிறாள் தோழி. 12 வயது மகனுக்குக் கொடுத்தால் மார்பு வளர்ந்துவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். நிறுத்திவிடட்டுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். மாத்திரைக்கும் சோயாவுக்கும் நடுவில் நேரம் விட்டால் போதும்.

சோயாவில் ஐசோபிளேவோன் என்ற பொருள் இருக்கிறது. உடலில் அயோடின் பற்றாக்குறை இருந்தால் அது தைராய்டு சுரப்பியின் வேலைக்குக் கொஞ்சம் இடைஞ்சல் செய்யலாம். அயோடின் உப்பு போட்டுச் சமைக்கும் வீட்டில் அந்தக் கவலை பெரிதாக இல்லை. உங்களுக்கு முக்கியம் வேறு விஷயம். மாத்திரை குடலில் இருக்கும்போது சோயாவும் போய்ச் சேர்ந்தால், மருந்து முழுதாக உடலில் சேராது. அதனால் விடிந்ததும் வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு மாத்திரை. அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காலை உணவு. மீல் மேக்கர், சோயா பால் எதுவானாலும் நாலு மணி நேரம் தள்ளி, மதியமோ இரவோ. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதே இடைவெளிதான்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. மாத்திரையை விழுங்கிய கையோடு காபி டம்ளரை எடுக்கிறீர்களா? நான் பார்த்தவரை வீடுகளில் சோயாவை விட அதிகம் நடக்கும் தவறு இதுதான். காபியும் அந்த மருந்து சேருவதைக் குறைக்கும்.

சோயா சாப்பிடும் அளவைச் சமீபத்தில்தான் கூட்டியிருந்தால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்து ஒருமுறை டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள். தேவையானால் மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றுவார். நீங்களாக மாற்றாதீர்கள்.

சரி, மகன் விஷயம். ஐசோபிளேவோனின் அமைப்பு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனைப் போல இருப்பதால்தான் இந்தப் பயம் வந்தது. ஆனால் வேலையில் அது மிகவும் பலவீனமானது. வளர்ந்த ஆண்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2010-லும் 2021-லும் கட்டுரைகள் வந்தன. சோயாவால் ஆண் ஹார்மோன் குறையவில்லை என்பதே இரண்டின் முடிவும். 60 வயது அமெரிக்கர் ஒருவருக்கு மார்பு வீங்கியது உண்மைதான். 2008-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி அது. அவர் தினமும் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாகச் சோயா பால் குடித்திருக்கிறார். நிறுத்தியதும் சரியாகிவிட்டது. உங்கள் மகன் தட்டில் விழுவது பத்துப் பன்னிரண்டு உருண்டை. பருவம் எட்டும் வயதில் பாதிப் பையன்களுக்காவது மார்புக் காம்புக்கு அடியில் சின்னக் கட்டி போல வந்து, தானாகவே மறையும். நாளைக்கு அப்படி வந்தால் மாமியார் குழம்பைக் குற்றம் சொல்லாதபடி இப்போதே சொல்லி வையுங்கள்.

மீல் மேக்கர் என்று தனியாகச் செடி எதுவும் இல்லை. சோயா பயறில் எண்ணெயை எடுத்தபின் மிஞ்சும் மாவை, சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி உப்பவைத்தெடுப்பதுதான் அது. கொழுப்பு போய்விடுவதால் காய்ந்த 100 கிராமில் சுமார் 50 கிராம் புரதம். ஆளுக்குக் காய்ந்த உருண்டை 25 கிராம் எடுத்தால் இரண்டு முட்டையின் புரதம் வந்துவிடும். அதற்கு மேல் வேண்டியதில்லை. முட்டையில் இருக்கும் பி12 மட்டும் இதில் கிடையாது. அதற்குத் தயிர், பால் இருக்கட்டும்.

கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் விட்டால் பஞ்சு போல ஊதும். குளிர்ந்த தண்ணீரில் அலசி உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பிழியுங்கள். மங்கலாக, நுரையோடு தண்ணீர் வரும். வாடையும் வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளும் ஓரளவு அதோடு போகும். இன்னொரு தடவை அலசிப் பிழிந்த பிறகுதான் மசாலாவில் சேர்க்க வேண்டும். பிழியாமல் போட்டால் உள்ளே மசாலா ஏறாது, பையனும் ஒதுக்கி வைப்பான்.

கோதுமையோடு சோயா பயறைக் கலந்து மில்லில் அரைப்பவர்களும் உண்டு. அப்படியே பச்சையாக அரைக்கக் கொடுக்காதீர்கள். பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, நன்றாகச் சூடுபட்டால்தான் அடங்கும். பயறைக் கொதிநீரில் அரை மணி நேரம் வேகவைத்து, வெயிலில் சலசலவென்று காயவைத்து, ஒரு கிலோ கோதுமைக்கு 100 கிராம் கணக்கில் கலந்து கொடுங்கள்.