பழைய விமானப் படங்களில் நம் மலையகம்: கேள்வி பதில்

ஹட்டன் மாணவி: சேர், காடு மாறியதை ஆராய எந்த ஆண்டுப் படத்திலிருந்து தொடங்கலாம்?

1956. கொழும்புத் திட்டம் என்ற நாடுகளுக்கிடையிலான உதவித் திட்டத்தின் கீழ் கனடா உதவியுடன் எடுத்தவை. நில அளவைத் திணைக்களத்தில் கேளுங்கள் தங்கச்சி. உங்கள் இடத்தின் இடவிளக்கப்படத்தைக் கையோடு கொண்டுபோனால் தேடுவது சுலபம். ஆனால் 1956ஐ ‘ஆதி நிலை’ என்று எழுதிவிடாதீர்கள். கோப்பிக்கும் தேயிலைக்கும் பெருங்காடுகளை வெட்டியது அதற்கு முந்திய நூற்றாண்டிலேயே.

பொகவந்தலாவைப் பெரியவர்: எங்கட லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) படத்தில் தெரியுமா தம்பி?

தெரியும் ஐயா. அளவு 1:40,000, படத்தில் 1 மில்லிமீற்றர் தரையில் 40 மீற்றர். லயம் மெல்லிய கீறலாக இருக்கும், உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும். முதலில் ஃபெக்டரியைப் பிடியுங்கள். அங்கிருந்து ரோட்டைத் தொடர்ந்தால் லயத்துக்கு வந்துவிடலாம்.

லிந்துலை ஆசிரியர்: வெளிறிய இடமெல்லாம் காடழித்த இடமா?

இல்லை சேர், பலர் சறுக்குவது இங்கேதான். கறுப்பு வெள்ளைப் படத்தில் கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியைக் கத்தரித்த) மலையும் வெளிறித்தான் இருக்கும். பத்தனை எனும் மலைப் புல்வெளியும் அப்படியே, காய்ந்த மாதத்தில் இன்னும் கூடுதலாக. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். காட்டில் மரத்தலைகள் உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்பதால் நிழல் விழுந்து கரடுமுரடாகத் தெரியும். தேயிலை மழமழவென்றிருக்கும், இடையிடையே கானும் (வடிகால்) ரோட்டும் கோடாக ஓடும். யூகலிப்டஸ் நட்ட துண்டு நேரான விளிம்போடு வெட்டினாற்போல் முடியும்.

வெலிமடை: கூகுள் எர்த் மேல் வைத்தால் பொருந்துதில்லையே?

பொருந்தாது. மலையுச்சி கெமராவுக்குக் கிட்ட இருப்பதால் படத்தின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக விலகி விழும். உயரத் தரவைக் கொண்டு திருத்த வேண்டும். ரயில் பாலம், சுரங்க வாய் போன்ற இடம் மாறாதவற்றை அடையாளப் புள்ளிகளாக எடுங்கள், ஆற்றங்கரை வேண்டாம்.

அப்புத்தளை: 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு போன்ற ஆபத்தை முன்கூட்டியே காண முடியுமா?

எப்போது சரியும் என்று படம் சொல்லாது. பழைய சரிவின் தழும்பைக் காட்டும். அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் ஒரே நிலம்தான். அவற்றை இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவியின் கீழ் வைத்தால் மலை எழுந்து நிற்கும். மேலே பிறை வடிவில் அறுந்த விளிம்பு, கீழே மேடும் குழியுமாகக் குவிந்த மண், அதைச் சுற்றி வளைந்துபோகும் ஓடை: மூன்றும் சேர்ந்திருந்தால் அது முன்பே சரிந்த நிலமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன்மேல் லயம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். இருந்தால் ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மண்சரிவு ஆபத்தைக் கவனிக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் படத்தைக் காட்டுங்கள், அந்த லயத்து ஆட்களுக்கும் சொல்லுங்கள்.